மீத்தேன் இருக்கும் சுரங்கத்தில் வேட்டு வைத்தது எப்படி?

கேள்வி இதுதான்: பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில், கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயுவில் ஒரு விளக்குச் சுடர் பட்டாலே ஊரே அழுகிற அளவுக்கு விபத்து நடந்திருக்கிறது. அதே சுரங்கங்களில் வெடிமருந்து வைத்து நிலக்கரியைப் பெயர்த்தார்கள் என்றும் படிக்கிறோம். இது எப்படி முடிந்தது, என்ன மருந்தைப் பயன்படுத்தினார்கள்?

ரொம்ப காலம் வரை அதைப் பத்திரமாகச் செய்ய முடியவில்லை. வேட்டு வைத்தார்கள், பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆகவில்லை, ஆன நாட்களில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். ஓரளவு பத்திரமான மருந்து என்று சொல்லத்தக்கது 19-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. கல்குவாரி, ராணுவம், ரயில்பாதை என்று மற்ற இடங்களிலெல்லாம் வெடிமருந்தின் வரலாறு மேலும் மேலும் பலத்தைத் தேடிப் போன வரலாறு. நிலக்கரியில் மட்டும் தேடியது குளிர்ச்சியை: குறைந்த நேரம் எரிகிற, குறைந்த சூடுள்ள ஜுவாலையை. இருப்பதிலேயே மோசமான மருந்தான கருமருந்து (வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த பழைய துப்பாக்கி மருந்து) அங்கே அத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அறியாமை மட்டுமில்லை. நிலக்கரி என்ன விலைக்குப் போனது என்பதும் ஒரு காரணம். அதைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது.

முதலில் வேலை எப்படி நடந்தது என்று பார்ப்போம். நிலக்கரிப் படிவம் பல இடங்களில் ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. தொழிலாளி பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, படிவத்தின் அடிப்பகுதியைக் கூர்ங்கோடாலியால் கொத்திக் கொத்தி உள்ளே ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குடைவார். மேலே தொங்கும் கரி தலையில் விழாமல் இருக்கக் குட்டை மரக்கட்டைகளை முட்டுக் கொடுப்பார். குடைந்து முடிந்ததும் மேற்பகுதியில், கூரைக்குச் சற்றுக் கீழே, கையால் ஒரு துளை போடுவார். துளையின் கோடிக்குக் கருமருந்தைத் தள்ளி, அதில் படும்படி மெல்லிய செப்புக் கம்பி ஒன்றைச் செருகி, சுற்றிலும் களிமண்ணைக் கெட்டிப்பார். பிறகு கம்பியை மெதுவாக உருவினால் ஊசித்துளை போல ஒரு வழி கிடைக்கும். அதில் மருந்து நிரப்பிய வைக்கோல் தண்டைச் செருகி, முனையைப் பற்றவைத்துவிட்டு ஓட வேண்டியதுதான். செம்புக்குப் பதில் இரும்புக் கம்பியை வைத்திருந்தவர்களும் உண்டு. கல்லில் உரசி ஒரு பொறி வந்தால், உருவும் நேரத்திலேயே வெடித்துவிடும். களிமண் கைக்கு எட்டாவிட்டால் பக்கத்தில் கிடந்த கரித்தூளையே போட்டுக் கெட்டித்தவர்களும் இருந்தார்கள். அது எவ்வளவு விபரீதம் என்பது பின்னாட்களில்தான் தெரிந்தது.

அடியில் வெட்டு இருப்பதால் மருந்து பெரிதாகச் சாதிக்க வேண்டியதில்லை. மேலிருந்து ஒரு தள்ளு தள்ளினால் போதும், மொத்தக் கரியும் பெரிய பெரிய கட்டிகளாகச் சரிந்துவிடும். கருமருந்து செய்வது இதைத்தான். அது உண்மையில் மிக வேகமாக எரியும் பொருள். வாயு விரிந்து கரியை நெம்பித் தள்ளுமே தவிர, நொறுக்காது. கட்டி நிலக்கரிக்கு இருந்த விலை பொடிக்குக் கிடையாது. வீட்டுக் கணப்புக்கும் கப்பலின் கொதிகலனுக்கும் கட்டிதான் கேட்டார்கள். தென் வேல்ஸில் பல சுரங்கங்களில் கட்டிக்கு மட்டும்தான் கூலி. கம்பிச் சல்லடையில் கரியைக் கொட்டி, கீழே விழும் பொடியை எடைபோட்டுக் கூலியில் கழிக்கும் பொறிக்கு அங்கே ‘பில்லி ஃபேர்பிளே’ என்று பெயர். வைத்தவருக்கு நக்கல் அதிகம்தான். இப்படிக் கட்டிக்குத்தான் காசு என்றால், கட்டி தருகிற மருந்தைத் தொழிலாளியே விடமாட்டார். பல வட்டாரங்களில் மருந்தைக் காசு கொடுத்து வாங்குவதும் அவர்தான், கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.

சுரங்கத்தொழிலில் கருமருந்து பிரிட்டனுக்குள் வந்தது 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அதுவும் தாமிரம், தகரம் எடுக்கிற இடங்களுக்கு. நிலக்கரியில் முதலில் கிணறு இறக்கவும் பாறையைக் குடைந்து வழி போடவும்தான் பயன்பட்டது. கரி வெட்டும் முகப்புக்கே அது வந்து பரவலானது 19-ம் நூற்றாண்டில். மருந்துக்கு வேண்டிய வெடியுப்பின் பெரும்பகுதி கிழக்கிந்திய கம்பெனியின் கப்பல்களில் பீகார், வங்காளப் பக்கத்திலிருந்து போனது. அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது.

வைக்கோல் தண்டு எப்போது எரிந்து முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்று ஓடுவதற்கு முன்பே வெடிக்கும், இல்லாவிட்டால் வெடிக்கவே இல்லையே என்று திரும்பிப் போய்க் குனிந்து பார்க்கிற நேரத்தில் வெடிக்கும். இதற்கு விடை கண்டவர் கார்ன்வாலில் டக்கிங்மில் என்ற ஊரில் தோல் வியாபாரம் செய்த வில்லியம் பிக்ஃபோர்டு. கயிறு திரிக்கிற இடத்தில் இழைகள் முறுக்கிக்கொள்வதைப் பார்த்து, அந்த முறுக்கின் நடுவே மெல்லிய ஓடையாகக் கருமருந்தை ஓடவிட்டால் என்ன என்று யோசித்தார். சணல் இழைக்குள் மருந்து, மேலே தார்ப்பூச்சு. 1831-ல் காப்புரிமை வாங்கினார். ஓர் அடி எரிய ஏறக்குறைய அரை நிமிடம். நீளத்தை அளந்து வெட்டினால் ஓட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். இன்றும் கிணறு வெட்டுகிறவர்கள் கையில் இருக்கும் திரிக்கு மூத்தது இதுதான். ஆனால் அது காப்பாற்றியது பற்றவைப்பவரை மட்டும். சுரங்கக் காற்றில் மீத்தேன் இருந்தால், திரியை நெருப்பால் பற்றவைப்பதே ஆபத்து. அதன் முனையிலிருந்து தெறிக்கும் பொறியும் ஆபத்து.

அந்தக் காலத்தில் வெடிமருந்தை எவ்வளவு சாதாரணமாக நடத்தினார்கள் என்பதற்கு ஒரு சம்பவம். 1844 செப்டம்பரில் டர்ஹமில் ஹாஸ்வெல் சுரங்கம் வெடித்து 95 பேர் இறந்தார்கள். அரசாங்கம் மைக்கேல் ஃபாரடேயையும் நிலவியலாளர் சார்லஸ் லயலையும் விசாரணைக்கு அனுப்பியது. சுரங்கத்துக்குள் காற்றோட்டத்தின் வேகத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று ஃபாரடே கேட்டிருக்கிறார். கூட வந்தவர் ஒரு சிட்டிகை வெடிமருந்தை எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் தூவி, புகை எவ்வளவு நேரத்தில் எங்கே போகிறது என்று காட்டினார். சரி, இந்த மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்றார் ஃபாரடே. இறுகக் கட்டிய பையில் என்று பதில். பை எங்கே என்று கேட்டால், நீங்கள் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றார்களாம். இதைச் சொல்லிவைத்தவர் லயல். அவர்கள் இருவரும் கொடுத்த அறிக்கையில் முக்கியமான ஒரு விஷயம் இருந்தது: வெடித்தது மீத்தேன் மட்டுமில்லை, அங்கே படிந்திருந்த நிலக்கரித் தூசும் எரிந்து வெடிப்பைப் பெருக்கியிருக்கிறது. இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வெடிமருந்தின் பிரச்சினை முழுவதும் இதில்தான் இருக்கிறது. காற்றில் மீத்தேன் சுமார் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் அது வெடிக்கும் கலவை. 9, 10 சதவீதத்தில் உக்கிரம் அதிகம். அந்த இடத்தில் நெருப்பு கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் மீத்தேனே தென்படாத சுரங்கத்திலும் ஒரு வேட்டு பேரழிவை உண்டாக்கலாம். துளை சரியான கோணத்தில் இல்லை, அல்லது மருந்து அதிகம், அல்லது கெட்டித்தது போதவில்லை என்று வையுங்கள். கரி பெயராது. மருந்தின் வேகம் முழுவதும் பீரங்கிக் குழாயிலிருந்து வருவதுபோல் துளையின் வாய் வழியாகவே வெளியே பீறிடும், நீளமான ஜுவாலையோடு. அதன் அதிர்ச்சி தரையிலும் கூரைக் கட்டைகளிலும் படிந்த தூசைக் கிளப்பும், பின்னாலேயே வரும் ஜுவாலை கிளம்பிய தூசைப் பற்றவைக்கும். பற்றிய தூசு முன்னால் இருக்கும் தூசைக் கிளப்பும். இப்படியே கிலோமீட்டர் கணக்கில் ஓடும். கரித்தூளைப் போட்டுக் கெட்டிப்பது ஏன் விபரீதம் என்று இப்போது புரிந்திருக்கும்.

இதை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவர் வில்லியம் கேலோவே. தென் வேல்ஸில் சுரங்க ஆய்வாளருக்கு உதவியாளராக இருந்தவர். 1870-களில் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை மேல் கட்டுரையாக அனுப்பினார். வேட்டின் அதிர்வு பாதுகாப்பு விளக்கின் (சுடரைக் கம்பி வலை மூடிய சுரங்க விளக்கு) வலை வழியாகவே சுடரை வெளியே தள்ளிவிடும் என்று ஒரு கட்டுரை. மீத்தேன் கொஞ்சமே இருந்தாலும் தூசு வெடிக்கும் என்று 1876-ல் இன்னொன்று. சுரங்க முதலாளிகளுக்கும் பல பொறியாளர்களுக்கும் இது பிடிக்கவில்லை. தூசுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டால் ஒவ்வொரு வழித்தடத்தையும் நனைக்க வேண்டும், வேட்டைக் கட்டுப்படுத்த வேண்டும், யார் செலவு செய்வது? இதற்கிடையில் 1866-ல் பார்ன்ஸ்லிக்குப் பக்கத்தில் ஓக்ஸ் சுரங்கத்தில் 360-க்கும் மேற்பட்டவர்கள், 1877-ல் ஸ்காட்லாந்தின் பிளான்டயரில் 207 பேர், 1880-ல் சீஹமில் 164 பேர் என்று சாவுகள் சேர்ந்துகொண்டே போயின. எல்லாவற்றுக்கும் வேட்டுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு விசாரணையிலும் வேட்டின் பெயர் அடிபட்டது.

அதற்குள் வெளியுலகம் கருமருந்தைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. நைட்ரோகிளிசரின் வந்த புதிதில் பிரிட்டனை ஒரு உலுக்கு உலுக்கியது. 1867 டிசம்பரில் நியூகாசிலில் கேட்பாரற்றுக் கிடந்த நைட்ரோகிளிசரின் டப்பாக்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் அழிக்க முயன்றபோது வெடித்து, நகரின் ஷெரிஃப் ஜான் மாசன் உள்படப் பலர் இறந்தார்கள். 1869-ல் அந்தத் திரவத்தையே ஏறக்குறையத் தடைசெய்யும் சட்டம் வந்தது. ஆல்ஃபிரட் நோபெல் அதைச் சுண்ணப்பொடி போன்ற மண்ணில் ஊறவைத்து டைனமைட் ஆக்கிக் காப்புரிமை வாங்கியது 1867-ல். ஆனாலும் பிரிட்டனில் அதைத் தயாரிக்க அனுமதியும் முதலும் திரட்டிக் கம்பெனி தொடங்க 1871 ஆகிவிட்டது. இடம், ஸ்காட்லாந்தின் ஏர்ஷையர் கடற்கரையில் ஆர்டியர் என்ற மணல்மேடு. ஒரு குடிசை வெடித்தால் பக்கத்துக் குடிசைக்குப் பரவாமல் மணல் தாங்கிக்கொள்ளும் என்பதால் அங்கே போனார்கள். நைட்ரோகிளிசரின் தயாராகும் கலத்தின் வெப்பமானியைக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டியவருக்கு ஒற்றைக்கால் முக்காலி கொடுத்திருந்தார்கள். கண் அசந்தால் கீழே விழுவார், விழுந்தால் விழித்துக்கொள்வார். ஒரு கால் உள்ளதை எப்படி முக்காலி என்பது, அது வேறு விஷயம்.

டைனமைட்டால் நிலக்கரிக்கு லாபமில்லை. பாறை வழிகள் போடுவதற்கு அது அருமையானது, ஆனால் கரியில் வைத்தால் நொறுக்கிப் பொடியாக்கிவிடும். மீத்தேன் விஷயத்திலும் உதவாது, வெடிப்பின் சூடு கருமருந்தைவிட அதிகம். குளிரில் வேறொரு தொல்லை. நைட்ரோகிளிசரின் ஏறக்குறைய 13 டிகிரி செல்சியஸிலேயே உறையத் தொடங்கும், உறைந்த தோட்டா (துளையில் வைக்கும் மருந்துக் குழல்) சரியாக வெடிக்காது. அதை இளக்க வெந்நீர்ச் சுவர் கொண்ட பாத்திரம் இருந்தும், சட்டைப் பையில் போட்டு உடம்புச் சூட்டில் இளக்கியவர்கள் உண்டு, அடுப்புப் பக்கத்தில் வைத்தவர்களும் உண்டு. அப்படி வைத்த வீடுகள் சில மிஞ்சவில்லை. உறையாத கலவை பிறகு வந்தபோது நோபெல் கம்பெனி தோட்டாக்களின் பெயருக்கு முன்னால் ‘போலார்’ என்று போட்டது இதனால்தான்.

மருந்தே வேண்டாம் என்று முயன்றவர்களும் இருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது சுண்ணாம்புத் தோட்டா. 1880-களின் தொடக்கத்தில் டெர்பிஷையரின் ஷிப்லி சுரங்கத்தில் ஸ்மித், மூர் என்ற இருவர் செய்தது. சுட்ட சுண்ணாம்பைப் பொடித்து அழுத்தித் தோட்டாவாக்கி, துளைக்குள் தள்ளிக் கெட்டித்துவிட்டு, ஒரு குழாய் வழியாகத் தண்ணீரைப் பம்பு செய்வார்கள். சுண்ணாம்பு நீர்க்கும்போது உப்பும், ஆவி எழும்பும், கரி மெதுவாக முனகிக்கொண்டே பிளந்து இறங்கும். ஜுவாலையே இல்லை, கட்டியும் நன்றாக வரும். கெட்டியான கரியில் வேலை செய்யாததாலும், சுண்ணாம்பு ஈரம் பட்டுக் கெட்டுப்போவதாலும் ஓரிரு சுரங்கங்களைத் தாண்டி நிலைக்கவில்லை. தோட்டாவைத் தண்ணீர்ப் பைக்குள் வைத்து வெடிப்பது இன்னொரு வழி. நீர் சிதறி ஜுவாலையை அணைக்கும் என்பது கணக்கு. அதில் விஷயம் இருந்தது, பாதி அளவுக்கு. பை கிழியாமல் துளைக்குள் போனால்தானே?

1887-ன் நிலக்கரிச் சுரங்கச் சட்டம் ஒரு நடுவழியைப் பிடித்தது. தூசு நிறைந்த உலர்ந்த சுரங்கத்தில் வேட்டு வைப்பதென்றால் சுற்றிலும் 20 கெஜத்துக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜுவாலையால் எதையும் பற்றவைக்காதபடியான மருந்தோ ஏற்பாடோ இருக்க வேண்டும். அப்படி ஒரு மருந்து இருக்கிறதா என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அதைச் சொன்னவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். மல்லார், லெ ஷாத்தலியே ஆகிய இருவரும் மீத்தேன் சூடு பட்டவுடனே பற்றிக்கொள்வதில்லை, ஒரு நொடியின் சிறு பகுதியாவது தாமதிக்கும் என்று காட்டினார்கள். அந்தத் தாமதத்துக்குள் வெடிப்பின் வாயு விரிந்து குளிர்ந்துவிட்டால் மீத்தேன் தப்பிக்கும். அதற்கு வழி, அம்மோனியம் நைட்ரேட் கலந்து வெடிப்பின் சூட்டைக் குறைப்பது. 1890-ல் பிரான்ஸ் நிலக்கரியில் வைக்கும் மருந்துக்கு 1,500 டிகிரி, பாறையில் வைப்பதற்கு 1,900 டிகிரி என்று உச்சவரம்பே போட்டது. கருமருந்தின் பாவம் இப்போது துல்லியமாகத் தெரிந்தது. அதன் சூடு ஒன்றும் உலகமகா சூடில்லை, ஆனால் அது எரிந்து முடிய எடுத்துக்கொள்ளும் நேரம் மிக அதிகம். மீத்தேனுக்கு யோசிக்க நிறைய அவகாசம் கொடுத்துவிடும்.

இப்படி அம்மோனியம் நைட்ரேட் கலந்த ஜெர்மானியக் கண்டுபிடிப்பான ராபுரைட்டை விகனுக்குப் பக்கத்தில் கேத்ஹர்ஸ்டில் தயாரிக்கத் தொடங்கினார்கள். அம்மோனைட், பெல்லைட், கார்பனைட் என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன. எல்லாமே தங்களை ‘ஜுவாலையற்ற’ மருந்து என்று விளம்பரம் செய்துகொண்டன. ஜுவாலையற்ற வெடிமருந்து என்று ஒன்று கிடையாது. ஜுவாலை குறைந்ததுதான் உண்டு. தொழிலாளர்கள் தரப்பில் வேறு புகார்: ராபுரைட்டின் புகை தலைவலியும் மயக்கமும் தருகிறது, கரியும் பொடியாகிறது. புகாரில் பாதி உடம்பைப் பற்றியது, பாதி கூலியைப் பற்றியது. இரண்டுமே நியாயமானவை என்றுதான் சொல்வேன்.

இதையெல்லாம் வாதத்திலிருந்து சட்டத்துக்குக் கொண்டுவந்தது 1894 ஜூன் 23. தென் வேல்ஸில் கில்வினித் என்ற ஊரின் ஆல்பியன் சுரங்கத்தில் 290 பேர் இறந்தார்கள். விசாரணை சுட்டிக்காட்டியது கரி வெட்ட வைத்த வேட்டைக்கூட அல்ல, கூரையைத் தாங்கிய மரக்கட்டைகளைப் பெயர்க்க வைத்த வேட்டை. கோடாலியால் வெட்டி எடுத்திருக்க வேண்டிய கட்டை. கிளம்பிய தூசு மற்றதைச் செய்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் டைலர்ஸ்டவுனில் 57 பேர் இறந்தபோது உடலியல் ஆய்வாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் உடல்களை ஆராய்ந்து, பெரும்பாலானவர்களைக் கொன்றது வெடிப்போ தீயோ அல்ல, தூசு எரிந்து மிச்சமாகும் கார்பன் மோனாக்ஸைடு என்று எழுதினார். சுரங்க மீட்புக் குழுக்கள் கூண்டில் கேனரிக் குருவியைக் கொண்டுபோனது அவர் யோசனை.

1896-ல் சட்டத் திருத்தம். எந்தச் சுரங்கத்தில் எந்த மருந்து என்று ஆணையிடும் அதிகாரம் உள்துறை அமைச்சருக்கு வந்தது. 1897-ல் வுல்விச்சில் சோதனை நிலையம் திறந்தார்கள். எரிவாயுவும் காற்றும் கலந்து நிரப்பிய நீண்ட இரும்பு உருளை. அதன் ஒரு முனையில் பீரங்கி. பீரங்கிக்குள் மருந்தை வைத்து உருளைக்குள் சுடுவார்கள். திரும்பத் திரும்பச் சுட்டும் வாயு பற்றாவிட்டால் மருந்து தேறியது. தேறியவை ‘அனுமதிக்கப்பட்ட மருந்துகள்’ பட்டியலில் ஏறும். மீத்தேன் அல்லது தூசு ஆபத்துள்ள சுரங்கத்தில் பட்டியலில் இருப்பதை மட்டுமே பயன்படுத்தலாம். உலகம் முழுவதும் இன்று இருக்கும் அனுமதி முறைகளுக்கு முன்னோடிகளில் இது ஒன்று.

முதல் ஓட்டை சீக்கிரமே தெரிந்தது. அதன் பெயர் பாபினைட். கர்டிஸ் அண்ட் ஹார்வி கம்பெனி தயாரித்தது. சாராம்சத்தில் கருமருந்துதான்: கந்தகத்தைக் குறைத்து, ஜுவாலையைத் தணிக்கும் சேர்க்கைகளைப் போட்டது. வுல்விச் சோதனையில் தேறிவிட்டது. கட்டி கட்டியாகக் கரியைத் தரும் ஒரே அனுமதி மருந்து இது என்பதால் சுரங்கங்கள் போட்டி போட்டு வாங்கின. தடை செய்த கருமருந்து வேறு பெயரில் பின்வாசல் வழியாக வந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் கத்தினார்கள். தனியாக ஒரு குழு உட்கார்ந்து ஆராய வேண்டியதாயிற்று. பிறகுதான் வாயுவும் தூசும் உள்ள சுரங்கங்களிலிருந்து அதைப் படிப்படியாக வெளியேற்றினார்கள். சோதனைக்கூடத்தில் தேறுவதும் சுரங்கத்தில் தேறுவதும் ஒன்றல்ல என்பதைக் காட்டியது இந்த விவகாரம். 1910-களில் சோதனை நிலையம் ராதரமுக்கு மாறி, சோதனை கடுமையானபோது பழைய பட்டியலில் இருந்த பல பெயர்கள் காணாமல் போயின. 1920-களில் அது பக்ஸ்டன் மலைப்பக்கம் போனது.

கருமருந்து ஆபத்தில்லாததாகக் கருதப்பட்ட சுரங்கங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வேல்ஸில் பாண்ட்நெத்வெஹன் என்ற பள்ளத்தாக்கில், நிலக்கரிக்காகவே 1857-ல் தொடங்கிய கருமருந்து ஆலை ஒன்று உண்டு. இரும்பு லாடம் போடாத குதிரைகள் டிராம் தண்டவாளத்தில் மருந்தை இழுத்துப் போகும், இரும்பு லாடம் பொறி கிளப்பும் என்பதால். நிலக்கரிச் சுரங்கங்களுக்கான அனுமதியிலிருந்து கருமருந்தை உள்துறை நீக்கியதும் 1931-ல் அதை மூடினார்கள். லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கத்து ஆலைகளும் அந்தப் பத்தாண்டிலேயே முடிந்தன. அதற்குள் நோபெல் கம்பெனி உள்பட எல்லாமே 1926-ல் உருவான ஐ.சி.ஐ. (இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ்) என்ற பிரிட்டிஷ் ரசாயனக் கம்பெனியின் கையில்.

தூசுப் பக்கமும் ஒரு முடிவு கிடைத்தது. யார்க்ஷையரில் வில்லியம் கார்ஃபோர்த் ஆல்டாஃப்ட்ஸ் என்ற இடத்தில் 1908 முதல் பெரிய இரும்புக் குழாயில் தூசைத் தூவி வெடிக்கவைத்துப் பார்த்தார். கல்பொடியைக் கரித்தூசோடு கலந்துவிட்டால் தீ ஓடாது என்று தெரிந்தது. வழித்தடங்களில் கல்பொடி தூவுவது 1920-ல் கட்டாயமானது. 1913-ல் செங்கனித்தில் 439 தொழிலாளர்கள் இறந்த பிறகு வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் மிகப் பெரிய சுரங்க விபத்து அதுதான்.

மருந்து மாறியது ஒரு பாதி. யார் வைப்பது, எப்படி வைப்பது என்பது மறு பாதி. திரியை எடுத்துவிட்டு, கேபிளின் கடைசியில் கையால் சுழற்றி மின்சாரம் விடும் இயந்திரமும் (மின்பொறி), தோட்டாவை வெடிக்கத் தூண்டும் சிறு குழாயான மின் டெட்டனேட்டரும் வந்தன. வெடிப்பது எல்லோர் வேலையுமாக இருந்த நிலை போய், சான்று பெற்ற ‘ஷாட்ஃபயரர்’ மட்டும் என்றானது. பொறியின் சாவி அவரிடம்தான் இருக்கும். ஒவ்வொரு வேட்டுக்கும் முன்பு பாதுகாப்பு விளக்கின் சுடரைத் தாழ்த்தி, அதன் மேல் நீலத் தொப்பி போல ஒரு ஒளி தெரிகிறதா என்று பார்த்து மீத்தேனைச் சோதிக்க வேண்டும். வெடிக்காத வேட்டைத் தோண்டி எடுக்கக் கூடாது. காத்திருந்து, பக்கத்தில் தள்ளி வேறு துளை போட்டு வெடிக்க வேண்டும்.

காகிதத்தில் எல்லாம் சரி. 1934-ல் வேல்ஸின் கிரெஸ்ஃபோர்டு சுரங்கத்தில் 266 பேர் இறந்ததற்குக் காரணம் எது என்று கடைசிவரை ஒருமித்த முடிவு வரவில்லை. ஆனால் விசாரணையில் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் தொழிலாளர்களுக்காக வாதாடியபோது, ஒரு ஷிஃப்டில் வைத்த வேட்டுகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றுக்கும் சட்டப்படி ஆகவேண்டிய நேரத்தையும் பெருக்கிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது என்று காட்டினார். வெட்டு இயந்திரங்கள் வந்ததும் வேட்டின் எண்ணிக்கை குறையும் என்று நினைப்போம். நடந்தது நேர்மாறு. 1913-ல் பிரிட்டிஷ் நிலக்கரியில் சுமார் 8 சதவீதம்தான் இயந்திர வெட்டு. இரண்டாம் உலகப் போர் தொடங்கும்போது பாதிக்கு மேல். இயந்திரம் அடியில் ஒரு பிளவை இழுத்துக்கொண்டு போய்விடும், மேலே நிற்கும் நூற்றுக்கணக்கான அடி நீளக் கரியை அடுத்த ஷிஃப்டு அள்ள வருவதற்குள் வேட்டு வைத்து இறக்கியாக வேண்டும். ஷாட்ஃபயரருக்கு அவசரம் அதிகரித்தது அப்போதுதான். 1947-ல், சுரங்கங்கள் தேசியமயமான அதே ஆண்டில், வைட்ஹேவனின் வில்லியம் சுரங்கத்தில் 104 பேர் இறந்ததற்கும் ஒரு வேட்டுதான் காரணம். கரி எடுத்துவிட்டுக் கைவிட்ட பகுதியில் தேங்கிய மீத்தேனை அது பற்றவைத்தது.

மருந்தைக் குளிரவைக்கும் வேலை 1930-களில் அடுத்த கட்டத்துக்குப் போனது. தோட்டாவைச் சுற்றிச் சோடியம் பைகார்பனேட் உறை ஒன்றைப் போர்த்தினார்கள். வெடிக்கும்போது உறை தூளாகி, கரியமில வாயுவைக் கக்கி, ஜுவாலைமேல் போர்வை போல விழும். உறை கிழிந்தால் பயனில்லை என்பதால் 1940-களில் தணிப்புப் பொருளை மருந்துக்குள்ளேயே கலந்து ‘உறைக்குச் சமமான’ மருந்துகள் வந்தன. இவற்றில் தணிப்பு வேலையில் பெரும்பகுதியைச் செய்தது சாதாரண உப்பு. இன்னொரு பக்கம் கார்டாக்ஸ்: திரவக் கரியமில வாயு அடைத்த எஃகுக் குழாய். உள்ளே ஒரு சூடேற்றி பற்றியதும் திரவம் வாயுவாகி, முனைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து கரியைத் தள்ளும். வெடிமருந்தே இல்லை, கட்டியும் அருமையாக வரும். கனமான குழாய்களைத் தினமும் மேலே கொண்டுபோய் மறுபடி நிரப்பிக் கீழே இறக்க வேண்டும் என்பதுதான் வினை. சில சுரங்கங்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடியது. பழைய சுண்ணாம்புத் தோட்டாக்காரர்கள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அனுமதி மருந்துகளை வேலைக்கேற்ப ஐந்து வகையாகப் பிரித்தார்கள். பி1 சாதாரண அனுமதி மருந்து, பி2 உறையிட்டது, பி3 உறைக்குச் சமமானது. பி4 கூரையை உடைத்து வழியை உயர்த்தும் வேலைக்கு. பி5 அடியில் வெட்டே இல்லாத முழுக் கரியில், தாமத டெட்டனேட்டர்களோடு வைப்பதற்கு. தாமதம் ஏன் தனிச் சிக்கல் என்றால், முதல் வேட்டு பெயர்த்த கரியிலிருந்து மீத்தேன் கசியும் நேரத்தில் அடுத்த வேட்டு வெடிக்கும். அதனால்தான் தாமதத்தை ஆயிரத்தில் சில பங்கு நொடிகளாகச் சுருக்கினார்கள். மின்பொறிகூட 4 மில்லிநொடிக்கு மேல் மின்சாரம் விடாதபடி செய்தார்கள். வெடிப்பில் அறுந்த கம்பி முனைகள் மின்சாரத்தோடு மீத்தேனில் உரசிவிடக் கூடாது. டெட்டனேட்டரின் குழாயும் அலுமினியம் அல்ல, செம்பு. எரியும் அலுமினியத் துணுக்குகள் மீத்தேனைப் பற்றவைக்கும்.

இவ்வளவு நுணுக்கம் கூடிவந்த சமயத்தில் வேலையே கைவிட்டுப் போனது. 1952-ல் ஜேம்ஸ் ஆண்டர்டன் உருவாக்கிய உருளைவெட்டி, கரியைச் செதுக்கி அப்படியே கன்வேயரில் தள்ளிவிட்டது. வேட்டு வேண்டாம், அள்ள ஆளும் வேண்டாம். வருகிற கரி பொடியாகத்தான் வந்தது. ஆனால் அப்போது பெரிய வாடிக்கையாளர் மின்நிலையம். அவர்கள் எப்படியும் அதை மாவாக அரைத்துத்தான் எரிக்கிறார்கள். நூறு ஆண்டுகளாகக் கருமருந்தைக் காப்பாற்றிய கட்டிக்கரி வாதம் அத்தோடு முடிந்தது. முகப்பிலிருந்து விலகிய வெடிமருந்து, பாறை வழிகள் போடவும் கூரையை உடைக்கவும் மட்டும் மிஞ்சியது. 2015 டிசம்பரில் கெல்லிங்லியோடு பிரிட்டனின் ஆழச் சுரங்கங்கள் மூடப்பட்டன.

அனுமதி மருந்துகளின் அந்த வகைப்பாடு மட்டும் இந்தியாவுக்கு வந்து தங்கிவிட்டது. ஐ.சி.ஐ. இந்திய அரசோடு சேர்ந்து 1958-ல் அன்றைய பீகாரின் கோமியாவில் வெடிமருந்து ஆலை தொடங்கியது. சிங்கரேணியிலோ தன்பாத் பக்கத்திலோ நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவரைக் கேட்டால், அனுமதி மருந்துகளை இன்றும் பி1, பி3, பி5 என்றுதான் சொல்வார். ஒவ்வொரு வேட்டுக்கும் முன்பு ஷாட்ஃபயரர் மீத்தேனைச் சோதிக்க வேண்டும் என்பது இங்கேயும் சட்டம்.